முதிர்ந்த மரங்களில் திடீர்க் கிளைமுறிவு

கிராமங்களில் சந்தைத் திடல், பள்ளிக்கூட வாசல், பஸ் நிற்குமிடம், கோயில் முன்றில், சாலை ஓரம் ஆகிய இடங்களில் நிற்கும் பெரிய மரங்களில் பெரும்பாலானவை இன்று இருப்பவர்கள் வைத்தவையல்ல. பாட்டனார் காலத்துப் புளியும், அதற்கும் முந்திய ஆலும் அரசும், சாலை போட்ட காலத்தில் நட்ட தூங்குமூஞ்சியும் முழு வளர்ச்சியடைந்து நிழல் தருகின்றன. நிழல் உள்ள இடத்தில் ஜனங்கள் கூடுவது இயற்கை. குழந்தைகள் விளையாடுவதும், சந்தைக் கடைகள் பரப்புவதும், மாடுகளைக் கட்டுவதும், பஞ்சாயத்தார் கூடிப் பேசுவதும் அம்மரங்களின் அடியிலேயே நடைபெறுகின்றன.

புயலிலும் பெருங்காற்றிலும் கிளைகள் முறியுமென்பதை யாவரும் அறிவர். அவ்வேளையில் மரத்தடியில் எவரும் நிற்பதில்லை. இங்குக் கவனிக்க வேண்டியது வேறொரு வகை முறிவாகும். சித்திரை, வைகாசி மாதங்களில் இலையும் அசையாத பிற்பகலில், பச்சைத் தழையோடு கூடிய பெருங்கிளையொன்று படாரென்று முறிந்து விழுகிறது. நிழலுக்காக மிகுதியான பேர் ஒதுங்கியிருப்பதும் அந்த வேளையில்தான். 30 அடி உயரத்திலிருந்து விழும் கிளை தரையைத் தொட ஒன்றரை விநாடியும் ஆவதில்லை. சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்ப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். பச்சை மரம் நீர் நிறைந்ததாகையால் ஏறத்தாழத் தண்ணீரின் கனமுள்ளது. அடியில் 1 அடி குறுக்களவும் 30 அடி நீளமும் உள்ள கிளையொன்று, பக்கக் கிளைகளையும் தழையையும் சேர்த்துக் கணக்கிட்டால், நாலு நெல் மூட்டைகளின் எடைக்குக் குறையாது.

இத்தகைய விபத்து நேர்ந்தபின் இருவகைப் பேச்சு எழுவது வழக்கம். "விதி" என்று சொல்லி விட்டுவிடுவோர் ஒரு சாரார். "மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்துவிட வேண்டும்" என்போர் மற்றொரு சாரார். இரண்டும் தவறு. முறிவதற்குப் பல வருஷங்களுக்கு முன்னரே அக்கிளையில் அடையாளங்கள் தோன்றியிருக்கும். அவற்றைப் பார்க்கத் தெரிந்தவர் வருஷத்திற்கு இருமுறை மரத்தைச் சுற்றி வந்தால், பெரும்பாலான விபத்துக்களைத் தடுத்து, மரத்தையும் காப்பாற்றிக்கொள்ளலாம்.

காற்றில்லாமல் முறிவதேன்?

இவ்வகை முறிவு எந்த ஓர் ஊருக்கும் தனியாக உரியதன்று. மரங்களைப் பேணுவதில் உலகப் புகழ்பெற்ற லண்டன் கியூ தாவரத் தோட்டத்திலேயே, 2012 செப்டம்பரில் லெபனான் தேவதாரு மரமொன்றின் கிளை முறிந்து விழுந்து, கீழே சென்ற ஒருவர் உயிரிழந்தார். அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹாரிஸ் என்னும் நிபுணர், பல நாடுகளில் கண்ட இத்தகைய முறிவுகளைத் தொகுத்து 1983-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காற்றில்லாத வெப்பமான பிற்பகலில் முறிவது, படுக்கைவாட்டில் நெடுந்தூரம் நீண்ட கிளைகள் முறிவது, கிளை புறப்படும் கவையில் முறியாமல் அதற்குச் சில அடி தள்ளி முறிவது ஆகியவை இம்முறிவின் பொது லக்ஷணங்கள். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்த மழையை அடுத்தும் இவ்வாறு முறிவதுண்டு.

வெப்ப நாளில் கிளைக்குள் நீர் மிகுந்து கனம் கூடுவதே காரணம் என்பர் சிலர். வெப்பத்தால் மரத்தின் இழைகளைப் பிணைக்கும் பொருள் தளர்வதாகக் கூறுவர் வேறு சிலர். கண்ணுக்குத் தெரியாத உள்வெடிப்பு மெல்ல வளர்ந்து ஒருநாள் முற்றுப்பெறுவதாகச் சொல்வோரும் உண்டு. எக்காரணமாயினும், அஃது ஒரு கடைசித் தூண்டுதல் மாத்திரமே. அதற்கு முன்னரே தாங்கக்கூடிய எல்லைக்கு வந்து நிற்கும் கிளையே முறிகிறது.

கிளையின்மீது ஏறும் பாரத்தை அறிய, ஏற்றம் இறைத்த பெரியவர்களிடம் கேட்டால் போதும். ஏற்றமரத்தின் நுனியில் தொங்கும் சிறு பாரம், அச்சினருகில் வைத்த பெரிய கல்லைத் தூக்கிவிடும். 10 அடி தூரத்தில் 50 கிலோ தொங்குவதற்கும், 30 அடி தூரத்தில் அதே 50 கிலோ தொங்குவதற்கும், கிளையின் அடியில் உண்டாகும் வளைவுப் பாரம் மும்மடங்கு வேறுபடும். ஆகவே நுனியில் தழை கூடக்கூட, அடியிலுள்ள மரம் பன்மடங்கு உழைக்க வேண்டும்.

வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இந்நாட்டுக்கு வந்து சாலைகளில் வைக்கப்பட்ட தூங்குமூஞ்சி இதற்கு நல்ல உதாரணம். நல்ல நிலத்தில் அதன் கிளைப்பரப்பு குறுக்காக 100 அடிக்கு மேலும் போகும். கிளைகள் குடைக்கம்பிகள்போல் படுக்கைவாட்டில் நீண்டு, நுனியில் மட்டும் தழையைத் தாங்கி நிற்கும். நிழலுக்கு இதைவிடச் சிறந்த அமைப்பில்லை. ஆனால் பாரம் முழுவதும் நுனியில் இருப்பதால், கிளை முறிவுக்கும் இவ்வமைப்பு இடங்கொடுக்கிறது.

மனிதர் செய்யும் தீங்குகள்

இயற்கை அமைப்பால் வரும் பலவீனத்தைவிட மனிதரால் வரும் பலவீனம் அதிகம். முதலாவது, கண்டபடி வெட்டுதல். ஆட்டுக்குத் தழைக்காகவும், வயலுக்குப் பசுந்தழை உரத்திற்காகவும், மின்கம்பிக்கு வழிவிடுவதற்காகவும் பெருங்கிளைகளை நடுவில் மொட்டையாக வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய இடத்தைச் சுற்றி அடுத்த மழையில் பத்துப் பதினைந்து போத்துகள் கிளம்பும். பார்வைக்கு மரம் மீண்டும் தழைத்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் இயல்பாக வளர்ந்த கிளையின் அடி, தாய்மரத்தினுள் ஆழமாகப் பிணைந்திருக்கும். போத்தோ பட்டைக்கடியில் மேலாகவே ஒட்டியிருக்கும். அதே வேளையில் வெட்டுவாய் வழியே மழைநீரும் காளானும் நுழைந்து உள்மரத்தை உளுக்கச் செய்யும். பத்துப் பதினைந்து வருஷங்களில் போத்துகள் தொடைப் பருமனாகின்றன. அவற்றைத் தாங்கும் கட்டையோ உளுத்துவிடுகிறது. அப்போது முறியும் கிளைக்கு யமன், அன்று அரிவாள் எடுத்தவரே.

இரண்டாவது, வேரை வெட்டுதல். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 2, 3 அடிக்குள்ளேயே, கிளைப்பரப்பையும் தாண்டிப் பரவியிருக்கும். அடிமரத்தின் குறுக்களவைப்போல் 12 மடங்கு தூரம்வரை வேருக்குரிய நிலமென்று நிபுணர்கள் கொள்வர். 3 அடி குறுக்களவுள்ள புளிக்கு இது சுற்றிலும் 36 அடியாகும். குடிநீர்க் குழாய்க்காகவோ, சாக்கடைக்காகவோ, சாலையை அகலப்படுத்தவோ இந்த எல்லைக்குள் ஒரு பக்கத்தில் இயந்திரம் கொண்டு பள்ளம் வெட்டினால், அந்தப் பக்கத்துக் கிளைகள் சில வருஷங்களில் நுனியிலிருந்து காயத் தொடங்கும். மரம் சாய்வதும் உண்டு.

மூன்றாவது, அடிமரத்தைச் சுற்றி மேடை கட்டுதல். ஆல், அரசு, வேம்பு மரங்களுக்கு மேடை கட்டுவது புண்ணிய காரியமென்று கருதப்படுகிறது. வேரும் அடிமரமும் சேருமிடம் காற்றுப்பட இருக்க வேண்டியது. அதை 2 அடி மண்ணாலும் சிமெண்டாலும் மூடிவிட்டால், பட்டை அழுகிக் காளானுக்கும் கறையானுக்கும் இருப்பிடமாகிறது. மேடை கட்டியே தீர வேண்டுமானால், அடிமரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, தரைமட்டத்தை உயர்த்தாமல், வேர்கள் இல்லாத இடத்தில் கற்பலகைகளை இருக்கையாகப் போடுவது சிலாக்கியம்.

இவற்றோடு, மரத்தடியில் குப்பை கொளுத்துதல், விளம்பரப் பலகைகளுக்கு ஆணியடித்தல், இரும்புக் கம்பியைச் சுற்றிக் கட்டி அவிழ்க்காமல் விடுதல், புளி உலுக்கும்போது கிளைகளை அளவுக்கு மீறி வளைத்துக் குலுக்குதல் ஆகியவையும் சேரும். ஒவ்வொன்றும் தனியாகச் சிறியது. ஆயினும் மரம் ஒரு காயத்தையும் மறப்பதில்லை. மனித உடலில் புண் ஆறி, புதுச்சதை பழைய இடத்தை நிரப்புகிறது. மரத்தில் அவ்வாறில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் ஒரு வேலி கட்டிக்கொண்டு, அதற்கு வெளியே புது மரத்தை வளர்த்து மூடும். கெட்ட பகுதி உள்ளேயே இருக்கும். அமெரிக்க மரநோய் ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து இந்த உண்மையை விளக்கினார். அவருடைய ஆராய்ச்சியின் முக்கியமான நூல் 1977-இல் வெளிவந்தது.

பரிசோதிக்கும் முறை

பொதுவிடத்து மரங்களை வருஷத்திற்கு இருமுறை பரிசோதிக்க வேண்டும். மாசி, பங்குனியில் தூங்குமூஞ்சி முதலியவை இலையுதிர்த்து நிற்கும்போது கிளைகளின் அமைப்பு நன்றாகப் புலப்படும். புளி அறுவடையும் அக்காலத்தில் முடிந்துவிடும். இரண்டாவது பரிசோதனையை வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் செய்ய வேண்டும். அப்போது தழை முழுமையாயிருப்பதால், காய்ந்துபோன கிளை எது, உயிருள்ளது எது என்று எளிதில் தெரியும். பெருமழையோ புயலோ அடித்தபின் ஒருமுறை கூடுதலாகப் பார்ப்பது நலம்.

முதலில் தூரத்தில் நின்று மரத்தின் முழு உருவத்தையும் நான்கு பக்கமிருந்தும் நோக்க வேண்டும். பிறகு அருகில் சென்று வேரடி, அடிமரம், கவைகள், கிளைகள் என்று கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும். உயரமான கிளைகளைப் பார்க்க ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி உதவும். கவனிக்க வேண்டிய அடையாளங்கள் வருமாறு:

1. கிளையில் நீளவாட்டில் ஓடும் வெடிப்பு. அல்லது வெடிப்பை மூடுவதற்காகப் பட்டை முதுகெலும்புபோல் தடித்து ஓடுதல்.

2. இரண்டு பெருங்கிளைகள் கூராகப் பிரியும் கவையில், நடுவே பட்டை உள்ளே மடிந்து சிக்கியிருத்தல். அகன்ற கவை உறுதியானது. கூரிய கவையில் மரத்தோடு மரம் ஒட்டாமல் பட்டையே இருப்பதால் பிணைப்பு குறைவு.

3. வேரடியிலோ அடிமரத்திலோ கிளையிலோ தட்டுப்போன்ற காளான் முளைத்திருத்தல். வெளியே ஒரு காளான் தெரிந்தால் உள்ளே நெடுந்தூரம் உளுத்திருக்கக் கூடும்.

4. கறையானின் மண்பூச்சு, துளைப்புழு தள்ளிய மரத்தூள், பட்டை தளர்ந்து உரிதல், ஓயாமல் நீர் கசிதல்.

5. முன்பு மொட்டையடித்த இடத்திலிருந்து கிளம்பிப் பருத்த போத்துகள்.

6. பக்கத்துக் கிளைகளைவிட அதிகமாக வெளியே நீண்டு, நுனியில் மட்டும் தழை கொண்ட கிளை. முந்திய வருஷத்தைவிடத் தாழ்ந்து தொங்கும் கிளை.

7. காய்ந்த கிளைகள், முறிந்து வேறு கிளையில் சிக்கித் தொங்குபவை.

8. சாயும் பக்கத்திற்கு எதிர்ப்பக்கத்தில் மண் மேலெழும்புதல் அல்லது தரை வெடித்தல். இது கிளையோடு நில்லாமல் மரமே விழப்போவதற்கு அடையாளமாதலால், அன்றே ஜனங்களை விலக்க வேண்டும்.

பொந்துள்ள மரமெல்லாம் அபாயமானதென்று அநேகர் எண்ணுகின்றனர். இஃது உண்மையன்று. மூங்கில் உள்ளே வெறுமையாயிருந்தும் உறுதியாக நிற்பதைக் காணலாம். வளைவைத் தாங்கும் வலிமை பெரும்பாலும் வெளிவட்ட மரத்திலேயே இருக்கிறது. 20 அங்குலக் குறுக்களவுள்ள அடிமரத்தின் நடுவில் 10 அங்குலம் பொந்தாயிருந்தால், வலிமையில் நூற்றுக்கு 6 பங்குதான் குறைகிறது. பொந்து 14 அங்குலமானால் 24 பங்கும், 16 அங்குலமானால் 41 பங்கும், 18 அங்குலமானால் 66 பங்கும் குறைந்துவிடும். ஆகவே நல்ல மரத்தின் கனம், அடிமரத்தின் ஆரத்தில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமலிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வழிகாட்டி. இக்கணக்கு, பொந்தைச் சுற்றி மரம் வெடிப்பின்றி முழுவட்டமாக இருந்தால்தான் பொருந்தும். ஒரு பக்கம் வாய் திறந்த பொந்தும், வெடித்த பொந்தும் இதைவிட மிகப் பலவீனமானவை.

பொந்தின் அளவை அறிய, மரச்சுத்தியால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிக்கொண்டு வர வேண்டும். குடத்தை வாங்குவோர் தட்டிப் பார்ப்பதுபோலவே இதுவும். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும்; உளுத்த இடத்தில் ஓசை மந்தமாகவோ பறை போலவோ மாறும். ஓசை மாறும் எல்லையைச் சுண்ணாம்பால் குறித்துவைத்து, அடுத்த பரிசோதனையில் அது எவ்வளவு விரிந்திருக்கிறதென்று ஒப்பிடலாம்.

எந்த மரத்தை முதலில் கவனிப்பது?

எல்லா மரங்களையும் ஒரே சமயத்தில் சீர்செய்ய எந்தப் பஞ்சாயத்திடமும் பணமில்லை, அதற்கு அவசியமுமில்லை. தூரத்து வரப்பில் நிற்கும் மரம் தன் கிளையை உதிர்த்தால் விறகு கிடைக்கும், வேறு நஷ்டமில்லை. அதே குறையுள்ள மரம் பள்ளிக்கூட முற்றத்தில் நின்றால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. குறை எவ்வளவு பெரிது, முறியும் கிளை எவ்வளவு கனமானது, அதனடியில் எத்தனை பேர் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்னும் மூன்றையும் சேர்த்து நோக்கி வரிசைப்படுத்த வேண்டும்.

இதிலிருந்தே செலவில்லாத முதல் பரிகாரமும் விளங்கும். மரத்தை நகர்த்த முடியாது, மனிதரை நகர்த்தலாம். சந்தேகத்துக்கிடமான கிளையின் கீழிருக்கும் பெஞ்சு, தண்ணீர்த்தொட்டி, மாட்டுமுளை, வண்டி நிறுத்துமிடம், கடைகள் ஆகியவற்றை மறுபக்கத்திற்கு மாற்றிவிடலாம். கிளையைக் கழிக்கும்வரை கீழே முள்வேலி போட்டுவைக்கலாம். கழிப்பதற்கு ஆளும் அனுமதியும் கிடைக்க ஒரு மாதம் ஆகலாம். வேலி போட ஒரு மணி நேரம் போதும்.

கிளையைக் கழிக்கும் சரியான முறை

காய்ந்த கிளைகளையும் முறிந்து தொங்குபவற்றையும் எந்த மாதத்திலும் நீக்கலாம். நீண்ட பச்சைக் கிளையை முழுவதும் வெட்டிவிட வேண்டியதில்லை. நுனியில் சில அடி குறைத்தாலே அடியின் பாரம் வெகுவாகக் குறைந்துவிடும். அவ்வாறு குறைக்கும்போது நடுவில் மொட்டையாக வெட்டாமல், தக்க பருமனுள்ள பக்கக்கிளை ஒன்று புறப்படும் இடம்வரை வெட்டி, அப்பக்கக்கிளையே புதிய நுனியாக இருக்கும்படி செய்ய வேண்டும். முதிர்ந்த மரத்தில் ஒரே வருஷத்தில் பச்சைத் தழையில் காற்பங்குக்கு மேல் நீக்கலாகாது.

ஒரு கிளையை அடியோடு நீக்க நேர்ந்தால் மூன்று வெட்டுக்களில் நீக்க வேண்டும். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் கீழ்ப்புறமிருந்து மூன்றிலொரு பங்கு ஆழம் ரம்பத்தால் அறுப்பது முதல் வெட்டு. அதற்கும் சில அங்குலம் வெளியே மேற்புறமிருந்து அறுத்துக் கிளையை விழச்செய்வது இரண்டாவது. இப்படிச் செய்தால் கிளை விழும்போது அடிமரத்துப் பட்டையை நெடுக உரித்துக்கொண்டு போகாது. மீந்த கட்டையை, கிளையின் அடியிலுள்ள வீங்கிய வளையத்திற்குச் சற்று வெளியே அறுத்து நீக்குவது மூன்றாவது. அந்த வளையத்திலிருந்தே காயத்தை மூடும் புதுமரம் வளர்கிறது. அடிமரத்தோடு சமமாக வெட்டினால் வளையம் போய்விடும். நீண்ட கட்டையாக விட்டால் காயம் மூடாமல் கட்டை உளுத்து உட்செல்லும். வெட்டுவாயில் தார், பெயிண்ட், சாணம் பூசுவது பழைய வழக்கம். இவை உளுப்பைத் தடுப்பதில்லை. சரியான இடத்தில் வெட்டிய காயத்தைத் திறந்தபடி விடுவதே நல்லது.

மின்கம்பிக்கு அருகிலுள்ள கிளைகளை, மின்சார இலாகாவினர் வந்து மின்னோட்டத்தை நிறுத்திய பின்னரன்றித் தொடலாகாது. உயரத்தில் ஏறும் ஆளுக்கு இடுப்புக்கயிறும், கீழே ஜனங்களை விலக்க ஓர் ஆளும் அவசியம்.

கழிப்பதற்கு மனமில்லாத பெருமரங்களுக்கு முட்டுக்கொடுப்பதும் ஒரு வழி. தெலுங்கானாவில் மகபூப்நகர் அருகிலுள்ள பில்லலமர்ரி என்னும் பேராலமரம் சுமார் 700 ஆண்டு வயதுடையதாகச் சொல்லப்படுகிறது. கறையான் அரித்ததால் 2017 டிசம்பரில் அதன் கிளைகள் முறிந்து விழவே, பார்வையாளர் வருவது நிறுத்தப்பட்டது. 2018-இல், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல, மருந்து கலந்த நீரைப் புட்டிகளிலிருந்து சொட்டுச்சொட்டாக மரத்தினுள் ஏற்றிக் கறையானை ஒழிக்க முற்பட்டனர். தாழ்ந்த கிளைகளுக்குத் தூண்கள் கட்டினர். விழுதுகளைக் குழாய்களின் வழியே தரைக்கு இறக்கினர். இம்மூன்றில் கடைசியானதை எந்தக் கிராமத்திலும் செய்யலாம். ஆலின் இளவிழுதுகளை ஆடுமாடும் குழந்தைகளும் ஒடிக்காதபடி, கணு நீக்கிய மூங்கிற்குழாய்க்குள் விட்டு மண்ணில் ஊன்றச் செய்தால், சில வருஷங்களில் அவை கிளையைத் தாங்கும் தூண்களாகிவிடும். ஹௌராவின் தாவரத் தோட்டத்திலுள்ள பேராலமரத்தின் அடிமரம் காளான் நோயால் கெட்டு 1925-இல் அகற்றப்பட்டது. அடிமரமே இல்லாமல் அம்மரம் இன்றும் விழுதுகளின் பலத்திலேயே பரவி நிற்கிறது.

கிராம அதிகாரிகளும் நிலச்சொந்தக்காரரும் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு கிராமத்திலும் பொதுவிடத்து மரங்களுக்கு ஒரு பதிவேடு வைப்பது மிகவும் பயனுள்ளது. மரத்தின் வரிசை எண், பெயர், நிற்குமிடம், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு, பரிசோதித்த தேதி, கண்ட குறை, செய்யவேண்டிய காரியம், செய்து முடித்த தேதி என்னும் கலங்கள் போதும். கடைசிக் கலம் காலியாயிருப்பதே அடுத்த கூட்டத்தில் கேள்வி கேட்பதற்கு ஆதாரமாகும். மேலும், ஒரு மரத்தை ஆண்டுதோறும் பார்ப்பவர் மாறிப்போனாலும், பழைய வெடிப்பு வளர்ந்ததா இல்லையா என்பதைப் பதிவேடு சொல்லும்.

புளியமரங்களின் மகசூலை ஏலம் விடும் இடங்களில், கிளைகளை வெட்டலாகாது, காய்ந்த கிளைகளைக் கண்டால் உடனே தெரிவிக்க வேண்டும் என்னும் இரண்டு நிபந்தனைகளை ஏல ஷரத்துக்களில் சேர்க்கலாம். மரத்தின்மேல் ஏறுபவரைவிட அதன் குறைகளை நன்கறிந்தவர் எவருமில்லை. புறம்போக்கிலும் சாலையோரத்திலும் உள்ள மரங்களைத் தன்னிச்சையாக வெட்டுவது குற்றம். வருவாய்த்துறை மூலம் உரிய அனுமதி பெற்றே கழிக்கவோ அகற்றவோ வேண்டும்.

தம்முடைய பட்டா நிலத்தின் வரப்பில் நின்று சாலைமேல் கிளை நீட்டும் மரத்தையும் விவசாயிகள் கவனிக்க வேண்டும். வழிப்போக்கர்மேல் விழக்கூடிய நிலையிலுள்ள மரத்தை அகற்றவோ அதற்கு முட்டுக்கொடுக்கவோ வேண்டுமென்று அதன் உடைமையாளருக்கு உத்தரவிட நிர்வாக நீதிபதிக்கு அதிகாரமுண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவில் தொடர்கிறது. அகற்றுவதோடு முட்டுக்கொடுத்தலையும் சட்டம் ஒப்புக்கொள்வது நினைவில் வைக்கத்தக்கது. உத்தரவு வரும்வரை காத்திராமல், பங்குனியில் ஆளமர்த்தி நுனிப்பாரத்தைக் குறைத்துவிடுதல் புத்திசாலித்தனம்.

மேற்கூறிய யாவற்றாலும் பயனில்லாத மரமும் இருக்கக்கூடும். வேரடி உளுத்து, மண் கிளம்பி, ஜனங்களை விலக்கவும் வழியில்லாத இடத்தில் நிற்குமானால் அதை வெட்டத்தான் வேண்டும். அதற்கு வருந்தலாம், தயங்கலாகாது. ஆனால் ஒரு மரம் குற்றம் செய்ததற்காக வரிசை முழுவதையும் தண்டிப்பது நியாயமன்று. 60 வருஷத்து மரத்தின் நிழலை 60 கன்றுகள் நட்டும் அந்தத் தலைமுறையில் திரும்பப் பெற முடியாது.

வெட்டிய இடத்திலோ அதற்கருகிலோ வைக்கும் கன்றுகளை முதல் ஐந்தாறு வருஷம் கவனித்து வளர்ப்பதில் இவ்விஷயம் முடிகிறது. ஒரே நடுத்தண்டு நேராக ஓங்கும்படி விட்டு, கூரிய கவையாகப் பிரியும் இரட்டைத் தண்டில் ஒன்றை அது கட்டைவிரல் பருமனாயிருக்கும்போதே கத்தியால் நீக்கிவிட வேண்டும். இன்று கத்தியால் ஒரு நிமிஷத்தில் செய்யும் இவ்வேலை, 50 வருஷங்களுக்குப்பின் வடக்கயிறும் ரம்பமும் நாலு ஆளும் கொண்டு செய்யவேண்டிய வேலையை மிச்சப்படுத்தும். அந்த மரத்தடியில் அப்போது உட்காரப்போகும் குழந்தைகளின் பாதுகாப்பும் இந்த ஒரு நிமிஷ வேலையைப் பொறுத்திருக்கிறது. ஆகவே விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் வருகிற பங்குனியிலேயே தங்கள் ஊரிலுள்ள பெரிய மரங்களை ஒருமுறை சுற்றிவந்து, நிமிர்ந்து பார்ப்பார்களாக.